பச்சையம்மாவைக் கேட்காமல் எடுத்த படம்

எங்கள் அடுக்ககத்தின் போர்வெல் தண்ணீர் குழாய்களைச் சும்மா விடுவதில்லை. ஆறே மாதத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துவிடுகிறது. வினிகரில் துணியை நனைத்துச் சுற்றி வைத்தால் கழன்று வந்துவிடும் என்று கீழ் வீட்டுப் பெண் சொன்னாள். சொன்னபடியே செய்தேன். உப்பு போனதா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் புளித்த வாடை குளியலறையில் எழுந்ததுமே குழாயை மறந்து ஈரக் கையோடு நின்றுவிட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில், அம்பத்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பின்னறையில், எங்கள் போட்டோ கிளப்பின் இருட்டறையில், இதே வாடைதான் அடிக்கும்.

படம் கழுவ மூன்று தட்டுகள் வேண்டும். முதல் தட்டில் உருவம் எழும்பும். எழும்பியது போதும் என்று நிறுத்த ஒரு அமிலத் தண்ணீர். பிறகு படம் அழியாமல் நிலைக்க ஹைப்போ. நடுவில் இருக்கிற அந்த அமிலத் தண்ணீர் கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை. திங்கட்கிழமை காலையில் போர்டில் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரி மூக்கைச் சுளித்து, "என்னடி, ஊறுகாய் போட்டியா?" என்பாள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். போட்டோ எடுக்கிறேன் என்று சொல்வதைவிட அது சுலபம்.

கேமரா என்னுடையது இல்லை. அண்ணனுக்குப் பம்பாயில் வேலை கிடைத்தபோது, ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு அலமாரியில் அதை வைத்துவிட்டுப் போனான். இரட்டைக் கண் கேமரா. மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நாம் ஏதோ சாமி கும்பிடுகிற மாதிரித் தெரியும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். பதின்மூன்றாவது படத்துக்கு ஆசைப்பட்டு நான் கெடுத்த ரோல்களை இங்கே எண்ண வேண்டாம்.

அண்ணன் முன்பு போய்வந்த அந்தப் போட்டோ கிளப் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலை கூடும். டைப்ரைட்டர்களுக்கு உறை போட்டுச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போடுவார்கள். லேத் ஆபரேட்டர், பாங்க் குமாஸ்தா, டாக்டர் என்று பதினைந்து பேர். அத்தனை பேரும் ஆண்கள். முதல் நாள் நான் போய் நின்றதும் செயலாளர் ராகவன் சார், "அண்ணன் வரலையா?" என்று கேட்டார். டிராயிங் ஆபீஸில் வேலை செய்தவர் அவர். சட்டை மடிப்பு முதல் பேச்சு வரை எல்லாமே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும்.

"அண்ணன் பம்பாய்ல இருக்கார் சார். கேமரா இங்க இருக்கு" என்றேன்.

விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பெண்கள் சேரலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. பெருமூச்சு விட்டு ரசீது கிழித்தார். இருட்டறை விஷயம்தான் சிக்கலானது. ஆண்களோடு ஒரு பெண் இருட்டறையிலா? கடைசியில் சனிக்கிழமை மத்தியானம் எனக்கு மட்டும் என்று முடிவாயிற்று. உள்ளே நான் தனியாக. வெளியே இன்ஸ்டிட்யூட்காரரின் மனைவி காவலுக்கு. அவர் முறுக்கு கடிக்கிற சத்தத்தை எண்ணித்தான் நான் நேரம் கணக்குப் பார்ப்பேன். அந்தக் கிளப்பில் யாருக்கும் கிடைக்காத தனி இருட்டறை எனக்கு வாய்த்ததை அவர்கள் யோசிக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மாதாமாதம் யாராவது பேச வருவார்கள். எங்கள் டாக்டரே ஒரு முறை பறவைகளைப் பற்றிப் பேசினார். எண்பது ஸ்லைடு காட்டினார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் பறவை அப்போதுதான் பறந்து போயிருந்தது. "இந்தக் கிளையிலதான் உக்காந்திருந்தது" என்று குச்சியால் சுட்டிக் காட்டினார். நாங்கள் கைதட்டினோம். குமணன்சாவடியில் ஸ்டூடியோ வைத்திருந்த தனபால் வந்தபோதுதான் சிலர் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். கல்யாணப் படம் எடுக்கிறவரிடம் கலையைப் பற்றி என்ன கேட்பது என்ற நினைப்பு. எனக்கும் அதே நினைப்புதான். ஆனால் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஒரு விஷயம் சொன்னார்: "எங்க கடைக்கி வர்றவன் இன்னா மாறி கீறான்னு பாக்க வர்ல. இன்னா மாறி இருந்தா நல்லா இருக்கும்னு பாக்க வரான். அத்த நாம குட்த்துட்டா போதும், சந்தோசமா பூடுவான்."

மட்டமான கொள்கை என்று என் நோட்டில் எழுதி வைத்தேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு எல்லாம் தெரியும்.

தை மாதம் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வெள்ளானூர் போனோம். அறுப்பு நேரம். ஆவடியில் பஸ் இறங்கி நடந்தோம். ஊரையொட்டிய களத்தில் ஒரு பெண் முறத்தைத் தலைக்கு மேல் உயர்த்தி நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவளுக்குப் பின்னால் காலை வெயில். பதர் பொன் தூள் மாதிரி பறந்தது. யாரையோ பார்த்து வாய் திறந்து ஏதோ கத்தினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றதால், படம் எடுக்கிறேன் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு அமுக்கு. பெயர்கூடக் கேட்காமல் திரும்பி வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சிவப்பு பல்பின் அடியில், தட்டிலிருந்து அந்தப் படம் எழும்பி வந்தபோது நான் கத்திய கத்தலில் வெளியே முறுக்குச் சத்தம் நின்றுபோயிற்று.

போட்டிக்கு நடுவராகப் பட்டணத்திலிருந்து ஒருவர் வந்தார். என் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "தோள்ல விழற இந்தக் கறுப்பு முக்கோணத்தைப் பாருங்க. கண்ணை நேரா முகத்துக்கு இழுத்துட்டுப் போறது. இதெல்லாம் தற்செயலா வராது" என்றார். திட்டமிட்டுத்தான் எடுத்தேன் என்பது போல நான் தலையாட்டினேன். முதல் பரிசு. ராகவன் சார் 'உழைப்பே உயர்வு' என்று அதற்குப் பெயர் வைத்து, தன் அழகான கையெழுத்தில் அட்டை எழுதினார். ஆண்டுக் கண்காட்சிக்கு ஜன்னல் கதவளவுக்குப் பெரிதாக்கி, பள்ளிக்கூட ஹாலில் வாசலுக்கு நேரே மாட்டினோம்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஹாலில் முப்பது பேர். ஒரு பெண் விடுவிடுவென்று உள்ளே வந்து படத்தின் முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் கூச்சத்தோடு ஒரு ஆள். படத்தில் இருப்பதும் நிற்பதும் ஒரே முகம் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"இத்த யாரு புட்ச்சது?"

நான்தான் என்றேன். பிடித்தது ஒரு பெண் என்பதை அவள் எதிர்பார்க்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீயாம்மே? என்னிய ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்ல."

"பெஞ்சு தூக்க வந்த எங்க ஊட்டுக்காரரு பாத்துட்டு வந்து சொன்னாரு. நான் நம்பல." படத்தில் தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். "இத்த பாரு. எம்மாம் கிழிசலு. ஊரே பாக்கட்டும்னு மாட்டி வெச்சிகிறியே!"

நான் பார்த்தேன். நடுவர் வியந்த கறுப்பு முக்கோணம். மாதக்கணக்கில் அந்தப் படத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்திருக்கிறேன். அதை நிழல் என்றே நினைத்திருந்தேன். அது ரவிக்கையின் கிழிசல்.

ராகவன் சார் முன்னால் வந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. உழைப்போட பெருமையைக் காட்டற படம் இது."

"பெருமையா? அப்ப உங்க ஊட்டம்மா கிழிஞ்ச ரவிக்க போட்டுகினு பாத்திரம் தேய்க்க சொல்லோ ஒண்ணு புட்ச்சி இங்க மாட்டேன் சாரு. அதுவும் பெருமதான?"

ராகவன் சாரின் மனைவி வருகைப் பதிவேட்டு மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் குரல் இறங்கியது. "எந் தங்கச்சிய கேட்டு வராங்க. மாப்ள ஊட்டு ஆளுங்க இந்த எஸ்டேட்லதான் வேல செய்றாங்க. நாளிக்கி இத்த பாத்தா, அக்காக்காரிக்கே முழு ரவிக்க இல்ல, இதுங்க ஊட்ல போயி பொண்ணு எடுக்கணுமான்னு கேக்க மாட்டாங்க?"

எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. ஒட்டுப் போட்ட ரவிக்கையோடு இருக்கும்போது தபால்காரர் வந்தால், அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டுவாள். நானும் அப்படித்தான்.

ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினேன்.

"கழட்டினா பரிசு ரத்தாயிடும்மா" என்றார் ராகவன் சார். "சாயந்தரம் சிறப்பு விருந்தினர் வரார். இந்தப் படத்தைப் பத்திதான் அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"போகட்டும் சார்."

இப்போது சொல்லும்போது கம்பீரமாக இருக்கிறது. அன்று அந்த ஆணியிலிருந்து படத்தைக் கழற்ற மூன்று முறை முயல வேண்டியிருந்தது. படத்தைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தேன். அவசரத்தில் அட்டையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மாலையில் வந்த சிறப்பு விருந்தினர் வெறும் சுவரையும், ஒரு ஆணியையும், 'உழைப்பே உயர்வு' என்ற எழுத்தையும் பார்த்துவிட்டு ஆழ்ந்து தலையாட்டிக்கொண்டே நகர்ந்தார்.

போவதற்கு முன் அவள் கேட்டாள், "இதுக்கு பிலிமு ஒண்ணு இருக்குமாமே. அது எங்க?"

"வீட்ல இருக்கு."

"பச்சையம்மா ஊடு எதுன்னு கேட்டா யாரும் சொல்வாங்க. அடுத்த ஞாயித்துக்கெயம எடுத்துகினு வா. வர சொல்லோ பொட்டியும் கொண்டா. எப்டி எடுக்கணும்னு நான் சொல்றேன்."

தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. கிளப்பில் யாரையும் கூப்பிட வாயும் வரவில்லை. குமணன்சாவடிக்குப் போய்த் தனபாலிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஞாயிறு காலை, ஸ்டூடியோவின் பின்புறத் திரையைச் சுருட்டிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வெள்ளானூருக்கு வந்து நின்றார்.

பச்சையம்மா முதலில் நெகட்டிவைக் கேட்டாள். பிலிம் சுருளில் அந்த ஒரு படத்தை மட்டும் வெட்டி எடுத்து வந்திருந்தேன். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தவள் திடுக்கிட்டாள். நெகட்டிவில் முகம் கறுத்து, தலைமயிர் வெளுத்துத்தானே தெரியும்.

"இன்னாமே இது, கெழவியா கீறேன்!" கணவனிடம் நீட்டினாள். "இந்தா, பாத்துக்கோ. வயசானா இப்டித்தான் இருப்பேன். அப்பால என்னிய உட்டுட்டு ஓடாத." சுற்றி நின்றவர்கள் எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அதை அடுப்பில் போட்டாள். சுருண்டு, பொசுங்கி, நாறியது. பெரிய படத்தையும் நாலாக மடித்துச் செருகினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அது மட்டும் எனக்குத் திருப்தி.

பிறகு உள்ளே போய்ப் பச்சைச் சீலை கட்டிக்கொண்டு வந்தாள். தனபால் விரித்த திரையில் ஒரு அரண்மனை மாடிப்படியும் அருவியும் வரைந்திருந்தது. எனக்கு இன்னும் கலைப் பித்து போகவில்லை. நெற்போருக்கு முன்னால் நின்றால் இயற்கையாக இருக்கும் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"நெல்ல தெனம்தான் பாக்கறேன். அந்த மாடிப்படிய வை."

மாடிப்படியின் முன்னால் கணவனோடு நிமிர்ந்து நின்று கேமராவை நேராகப் பார்த்தாள். "கைல ஒண்ணுமில்லாம மொட்டையா கீது" என்று என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குள் தெருவே குளித்து, எண்ணெய் தடவி, வரிசையில் வந்துவிட்டது. மூன்று ரோல் முடிந்தது. ஆளாளுக்குக் கடிகாரம் கை மாறியது. பிரிண்ட் போட்டு வரிசையாக வைத்துப் பார்த்தால், பத்தேகாலில் தொடங்கிப் பன்னிரண்டரை வரை வெள்ளானூரின் நேரம் முப்பது மணிக்கட்டுகளில் ஓடுகிறது.

அடுத்த சனிக்கிழமை இருட்டறையில் அவற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. ராகவன் சார். காவலுக்கு இருந்தவரும் பின்னாலேயே எட்டிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியில் மிதந்த முகங்களை ராகவன் சார் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஃபோகஸ் சரியா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அது. அடுத்த கூட்டத்தில் விதிப் புத்தகத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: ஆளைப் படம் எடுக்கும் முன் ஆளிடம் கேட்க வேண்டும். யார் முன்மொழிந்தது என்ற இடத்தில் தன் பெயரையே எழுதியிருந்தார். இருக்கட்டும். அவர் எழுதியதால்தான் மற்றவர்கள் கேட்டார்கள்.

பச்சையம்மாவின் தங்கை கல்யாணத்துக்கு நானும் தனபாலும்தான் படம் எடுத்தோம். அப்போது கிளப்பிலிருந்து நாலு பேர் உதவிக்கு வந்தார்கள். டாக்டரும் வந்தார். மணமகள் பறந்து போகாததால் எல்லாப் படத்திலும் சரியாக விழுந்திருந்தாள்.

கிளப் அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் நடந்தது. சண்டை எதுவும் இல்லை. ஒருவர் வேலை மாற்றிப் போனார். ஒருவர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் போனார். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஒரு இரண்டாவது ஞாயிறு மூன்று பேர் வந்தோம், அதற்கடுத்த மாதம் யாரும் வரவில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த இடத்தில் செல்போன் கடை. தனபாலின் ஸ்டூடியோ சாலை அகலமானபோது போயிற்று. போன வருஷம் வெள்ளானூர்ப் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனவள் களம் எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தேன். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். விசாரிக்கலாம் என்றால் நின்றவர்கள் எல்லோரும் என்னைவிடப் புதியவர்கள்.

கலைப் படம் என்று நான் பத்திரப்படுத்தியதெல்லாம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. சுமாரான படங்கள். அந்தக் காலை வெயிலில் பதர் பறக்க நின்ற பச்சையம்மாதான் நான் எடுத்ததிலேயே சிறந்த படம். அதை நன்றாகப் பார்த்தவர்கள் ஐம்பது பேர் இருப்போம். இன்று எத்தனை பேர் மிச்சம் என்று தெரியவில்லை. நெகட்டிவ் இல்லை, பிரிண்ட் இல்லை, உலகத்தில் எங்கும் அது இல்லை. அதை எரித்தது சரி.