ஏலத்தில் வந்த ஓடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கருங்கல்லுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில், கோயிலை ஒட்டிய ஓலைச் சாய்ப்பில் நடந்த எங்கள் கிறிஸ்தவச் சபையின் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு நான் ஒருத்திதான் டீச்சர். மழை பெய்தால் பிள்ளைகளை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, நனைந்த சிலேட்டுகளைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருப்பேன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். அடுத்த தடவை ஓட்டுக்கூரை இல்லாவிட்டால் சர்க்கார் கிராண்டை நிறுத்த வேண்டிவரும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். கிராண்ட் போனால் பள்ளியும் போகும். பெண் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வாயை அடைக்கவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. முன்கோபக்காரி நான்.

ஊரில் அப்போது பணம் புழங்கியது ஒரே ஒரு கையில்தான். அவர் கருப்பட்டியை ஊறப்போட்டுக் கள்ளச்சாராயம் வாற்றுகிறவர். ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியும் தோளில் நேரியலுமாக வந்து கோயிலில் கடைசி வரிசையில் அடக்கமாக உட்கார்ந்திருப்பார்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு வீட்டுக்கு ஒரு பொருள் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். எடுத்தவர் அதையே திரும்பக் கொடுக்க, மறுபடியும் ஏலம் போகும். ஒரு பூசணிக்காய் நாலைந்து வீட்டுக்காரர்களின் பெருமையைச் சுமந்த பிறகுதான் குழம்புக்குப் போகும். அந்த வருஷ ஏலப்பணம் பள்ளிக் கூரைக்கு என்று முடிவாகியிருந்தது. போதகர் ஐயர், வாற்றுகாரரை ஏலம் கேட்க விடக்கூடாது என்றார். நான் ஐயர் வீட்டுக்கே போய் வாதாடினேன்.

"ஐயரே, அவரு வாங்கப்போய்த்தான கருப்பட்டிக்கு விலை ஏறிச்சு? பனையேறி வீட்டுப் பெண்டுகளுக்கு கையில நாலு சக்கரம் காசு கூடக் கிடைக்கு. பானை செய்யவனுக்கு வேலை, வண்டிக்காரனுக்கு வேலை. ஊருக்கு லாபமா நட்டமா, நீங்களே சொல்லுங்க."

"லாபந்தான் டீச்சர். அது யாருக்க கையில இருந்து வருதுன்னு பாத்தீங்களா?" என்றார் ஐயர்.

பதில் தெரியாதபோது குரலை உயர்த்துவது என் வழக்கம். உயர்த்தினேன். ஐயர் விட்டுக்கொடுத்தார்.

என் பள்ளியில் கணக்கில் படு கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். பத்து வயது, பனையேறியின் மகள். மனக்கணக்கில் நான் கேள்வியை முடிக்குமுன் விடை சொல்லிவிடுவாள். அவள் அம்மா ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கொண்டுவந்து படைத்திருந்தாள். வாற்றுகாரர் அதை ஏலம் கேட்டார். எதிர்த்துக் கேட்க ஆளில்லாமல் போனதும், தாம் சொன்ன விலையின்மேல் தாமே ஏற்றிக்கொண்டு போனார். ஒரு பெட்டி கருப்பட்டி கூரையின் விலைக்குப் போயிற்று. நான் பிள்ளைகளோடு சேர்ந்து கைதட்டினேன். அந்த அம்மா தட்டவில்லை. கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடு போட்டோம். மூன்றாம் மாதம் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வருவது நின்றது. வீடு தேடிப் போனேன். முற்றத்தில் இரண்டு அடுப்புகளில், பனையிலிருந்து இறக்கிய அக்கானி கருப்பட்டிக்காகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஓர் அடுப்பில் பிள்ளை நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது.

"நல்லாப் படிக்க பிள்ளையாச்சே, அனுப்புங்க" என்றேன்.

அவள் அம்மா அடுப்புக்குள் சருகைத் தள்ளிக்கொண்டே பேசினாள். "எப்பிடி அனுப்ப டீச்சரம்மா? கருப்பட்டிக்கு நல்ல வெலதான், இல்லேன்னு சொல்லல்ல. நான் வாற்றுகாரருக்கு வித்து வாங்குத காச எனக்க மாப்பிள அங்கயே கொண்டு குடுத்துக் குடிச்சிட்டு வருதாரு. ரெண்டு அடுப்பு எரிஞ்சாத்தான் வீட்டுல கஞ்சி. ரெண்டாவது அடுப்ப யாரு பாக்க?" இன்னொரு பிடி சருகைத் தள்ளிவிட்டு, "ஓடு ஒழுகல்லியே? அதுல எங்க வீட்டுக் காசும் கெடக்கு" என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

திரும்பி நடக்கும்போது ஐயரின் கேள்விக்கு விடை தெரிந்தது. ஊரில் புதிதாக ஒரு சக்கரமும் முளைக்கவில்லை. ஏழை வீடுகளிலிருந்து போனதில் கொஞ்சம் ஓடாகத் திரும்பி வந்திருக்கிறது. அதற்கு நான் கைதட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வெட்கத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இருபது பிள்ளைகள் இருந்தால்தான் கிராண்ட். அவள் போனதும் பத்தொன்பது. ஆஜர் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே தினமும் ஆஜர் போட்டேன். மற்றப் பத்தொன்பது பேருக்காகத்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன். வாற்றுகாரரும் தம் வீட்டில் இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்து மகிழ்ந்தார். தலைகளை எண்ணிவிட்டு, "ஒண்ணு குறையுதே?" என்றார்.

"காய்ச்சல் சார்."

அவர் கிளம்பி வாசலுக்கு வரவும், அந்தப் பிள்ளை தலையில் கருப்பட்டிப் பெட்டியோடு சந்தைக்குப் போகவும் சரியாக இருந்தது. இன்ஸ்பெக்டர் அவளை நிறுத்தி, ஒன்று ஒன்றரைச் சக்கரம் என்று பத்துக் கருப்பட்டி வாங்கி, ஒரு ரூபாயை நீட்டினார். எங்கள் திருவிதாங்கூர் ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம்.

"பாக்கி பதிமூணு குடு."

பிள்ளை ரூபாயைத் திருப்பிப் பார்த்தாள். "இது வெள்ளக்காரன் ரூபா சார். இருபத்தெட்டரை. உங்களுக்குப் பதிமூணரை தரணும்" என்று எண்ணிக் கொடுத்தாள்.

அவர் அசந்துபோனார். "இப்பிடி ஒரு பிள்ளைய ரோட்டுல விட்டுட்டு என்ன பள்ளிக்கூடம் நடத்துதீங்க டீச்சர்? இவளச் சேத்துக்கிடுங்க."

"சேத்துக்கிடுதேன் சார்" என்றேன்.

பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அரைச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள மனம் வராதவள், எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வருஷம் கிராண்ட் முழுதாக வந்தது.