அக்கா மைக்கில் சொன்னது

போன வாரம் சேத்தூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு வெளியே வந்தால், வெயிலில் நிறுத்தியிருந்த பைக்கின் சீட் கொதித்துக் கிடந்தது. துண்டை விரித்து உட்காரும்போது சூடேறிய ரெக்சின் வாசனை குப்பென்று வந்தது. உங்களுக்கு அது வெறும் சீட் வாசனை. எனக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த மாடி ஹால்.

அங்கே கட்டில்கள் வரிசையாகக் கிடக்கும். ரெக்சின் மெத்தைக்கு அடியில் சூடான உருளைகள் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஊர்ந்து போகும். படுப்பதற்குக் காசு கிடையாது. தினமும் வந்து படுத்தால் சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் ஓடிவிடும், பிடித்திருந்தால் கட்டிலை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. படுப்பதற்கு முன்னால் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுப் பாட வேண்டும். குணமானவர்கள் மைக்கில் பேச வேண்டும். மற்றவர்கள் கை தட்ட வேண்டும்.

நான் அப்போது ராஜபாளையத்தில் மில் வேலையில் இருந்தேன். ஷிப்டு முடிந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்குப் போனால் பூட்டுதான் தொங்கும். "அவிய கட்டில்ல படுக்கப் போயிருக்காவ" என்பார்கள் பக்கத்து வீட்டில். தெருவில் நின்று அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அக்கா லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. பாத்திரக்காரர் வந்தால் குடத்தை விரலால் சுண்டிப் பார்த்து, "ஏலே, இது குடமா, பவுடர் டப்பாவா?" என்று தெருவே சிரிக்கக் கேட்பாள். பால்கோவா வாங்கினால் முதலில் துளி எடுத்து விரலில் தேய்த்துப் பார்ப்பாள். சர்க்கரை வந்த பிறகு தேய்த்துப் பார்ப்பதோடு சரி. அத்தான் காலமான பிறகு, பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து கேட்டதே வியாபாரிகளிடம்தான்.

ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பொய் சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது. இரவு ஷிப்டு பார்த்த உடம்பு. குறட்டை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. டை கட்டிய தம்பி ஒருவர், அவர்தான் அங்கே மேனேஜர், என்னை எழுப்பி மைக்கை நீட்டினார். "சார், உடம்புல என்ன உணர்றீங்க?"

"வயிறு பசிக்கு" என்றேன்.

ஹாலே சிரித்தது. யாரும் கை தட்டவில்லை. அடுத்து மைக் அக்காவிடம் போனது. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். சுவரில் மாலை போட்ட பெருமாள் படம் இருந்தது. அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "எனக்கு இப்ப சர்க்கரையே இல்ல. மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றாள். அப்படி ஒரு கைதட்டல். அக்கா முகம் சிவந்துபோனது.

அன்று காலையில் அவள் மாத்திரை போட்டதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். படி இறங்கும்போது கேட்டேன். "என்னக்கா இப்படிச் சொல்லிட்ட?"

"வாயில வந்துட்டுலே."

"வந்தது வரட்டும். நீ பாட்டுக்கு மாத்திரையைப் போடு."

"அதெப்படிப் போட? பெருமாளுக்கு முன்னால சொல்லிட்டேன்லா. இனிப் போட்டா அவருகிட்டப் பொய் சொன்னதால்ல ஆயிரும்?"

நானும் சாமி கும்பிடுகிறவன்தான். புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கிறவன். அவள் சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள என்னாலும் முடியவில்லை. இருந்தாலும், "மாத்திரை போடாதன்னு பெருமாளா சொன்னாரு?" என்று சண்டை போட்டேன். மேனேஜரிடம் போய், அக்காவை மாத்திரை போடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "நாங்க நிறுத்தச் சொல்லலையே சார். அம்மா விருப்பப்பட்டு நிறுத்தியிருக்காங்க" என்றார், மரியாதையாக. அதற்குப் பிறகு அக்காவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். புதிதாக யார் வந்தாலும் அவளைத்தான் பேசச் சொன்னார்கள்.

மறுபடி நான் கோபப்பட்டபோது அவள் கத்தவில்லை. "ஏலே, நான் பொறந்ததுல இருந்து எனக்கு யாருலே கை தட்டியிருக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஆண்டாள் சன்னதியில் போய், தாயாரே, அவளுக்கு நல்ல புத்தியைக் கொடு என்று அழுதேன். தாயார் எனக்கு என்ன பதில் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாத்திரையைத் தொடாமலே இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் ஹால் பூட்டியிருந்தது. போர்டும் இல்லை, பெருமாள் படமும் இல்லை. எங்கே போனார்கள் என்று துணிக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அக்கா மாத்திரையைத் தொட்டாள். அதற்குள் அவளுக்கு எழுத்தெல்லாம் கலங்கி, ஆள் முகமும் தெரியாமல் போயிருந்தது. மதுரைக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அவள் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன். சன்னதியில் நின்று, "இன்னிக்கு என்ன நெறத்துல பட்டுலே? கையில கிளி எப்படி இருக்கு?" என்று கேட்பாள். அரக்குப் பட்டு, கிளி இலைப்பச்சையாகப் பளபளவென்று இருக்கிறது என்று காதில் சொல்வேன். சொல்லிக்கொண்டே இருப்பதில் நான் தாயாரைச் சரியாகக் கும்பிட்டே எவ்வளவோ நாளாகிறது.

நேற்றும் போனோம். தரிசனம் முடிந்து பிரகாரத்தில் செத்த நேரம் உட்கார்ந்தோம். அக்கா என் தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, பக்கத்து வீட்டுப் பிள்ளை போன்ல பாத்தாளாம். தொப்புள்ல ரெண்டு சொட்டு விட்டா கண்ணு திரும்பத் தெரியுதாம். அப்படி ஒரு எண்ணெய் வந்திருக்காம்."

முன்பெல்லாம் இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்தாலே எனக்கு நரம்பு புடைக்கும். சர்க்கரைக்குப் பவுடர், செம்புக் காப்பு, காந்தச் செருப்பு என்று எது வந்தாலும் ஒண்டியாக மல்லுக்கு நின்றவன். எனக்குள் இருந்த அந்த ஆள் எந்த நாளில் என்னைவிட்டுப் போனான் என்று எனக்கே தெரியவில்லை. அவள் முகம் என் பக்கம் திரும்பிக் காத்திருந்தது.

"எந்தக் கடையில கிடைக்குதாம்க்கா?" என்று கேட்டேன்.