உடைக்கச் சொன்ன எஃகு

பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய வளையத்தை இரண்டாக்கித்தான் இன்ஜினில் மாட்ட முடியும். எல்லாரும் பழைய எஃகையே அறுக்கலாம் என்றபோது, அம்பத்தூர் ஆலையில் உலோகம் தேர்வு செய்யும் அகல்யா மட்டும், அழுத்தினால் நெளியாமல் பிளந்து மறுபடி அப்படியே பொருந்தும் எஃகைக் கேட்டாள். இன்று சோதனை. வளையம் நெளிந்தால் இனி அவள் பேச்சு எடுபடாது.

“இன்னா மேடம், அறுக்கறத உட்டுட்டு உடைக்க சொல்றீங்க?” என்று சிரித்தபடி ஆபரேட்டர் செங்கல்வராயன் பிளக்கும் இயந்திரத்தை ஓட்டினார். டக்கென்று பிளந்தது. துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தார், கோடே தெரியவில்லை.

“சோக்கா கீது மேடம்! ஊட்டுக்கு ஸ்வீட் வாங்கினு போங்க.”

பூந்தமல்லியில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினாள். பாரிவாக்கத்தில், தான் தனியாக இருக்கும் வீட்டைத் திறந்து ஒரு துண்டு தின்றாள். மீதியை நாளை செங்கல்வராயனுக்குக் கொடுக்கலாமென்று மூடி வைத்தாள்.