உத்தரவு வாங்கிப் படுத்த படுக்கை

என் அக்காவின் கணவர் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்றதும் கடலை விட்டு எவ்வளவு மேலே போகலாமோ அவ்வளவு மேலே வந்து குன்னூரில் குடியேறினார். அவருடைய கப்பலும் ஓய்வுபெற்று, வடக்கே ஒரு கடற்கரை நகரில் அருங்காட்சியகமாகிவிட்டது.

“ஒரே ஒருக்கா என்ற பெர்த்துல படுத்துப் பாக்கோணும் மாப்ளே,” என்றார் போன சித்திரையில்.

படுக்கைகளுக்கு முன்னால் யாரும் தொடாதபடி கண்ணாடித் தடுப்பு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆயுள் முழுவதும் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவன் நான். அனுமதி கேட்டு அருங்காட்சியகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். பணிச் சான்றின் நகல், பதிவுத் தபால், ஒப்புகை அட்டை, எதையும் விடவில்லை.

“நேராப் போய் நின்னு கேட்டா உடமாட்டாங்களா?”

“கையில ஆர்டர் இல்லாம நான் எந்த வாசல்லயும் நின்னதில்லீங்க மச்சான்.”

“பொண்ணு பாக்கவும் ஆர்டரோடதான் போனீங்களாக்கும்!”

ஆடியில் ஒரு நினைவூட்டுக் கடிதம், புரட்டாசியில் இன்னொன்று. ஐப்பசி மழையில் எஸ்டேட் குறுக்குப் பாதையில் வழுக்கி விழுந்து மச்சானுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. உத்தரவு மார்கழியில் வந்தது. அதற்குள் அவர் கைத்தடியோடு நடக்கத் தொடங்கியிருந்தார். அது போதும் என்று நாங்கள் இருவருமே நம்பினோம்.

ரயில் பிடிக்கக் காரில் மலையிறங்கும்போது பர்லியார் வளைவுகளில் எனக்குக் காது அடைத்தது. “மூக்கப் புடிச்சு ஊதுங்க. முங்கறப்ப நாங்க அப்படித்தான்,” என்றார். வழி முழுக்க அவர் வாய் ஓயவில்லை.

கப்பலின் முதல் அறைக்குக் கம்பி பிடித்து ஏறிவிட்டார். அடுத்த அறைக்குப் போக, இரும்புச் சுவரில் வட்டமாக ஒரு துவாரம். காலைத் தூக்கி உள்ளே வைத்து, தலையைத் தாழ்த்தி, உடம்பை இழுத்துக்கொள்ள வேண்டும். அவர் கால் துவாரத்தின் விளிம்பு வரை உயரவில்லை. நான் தாங்கிப் பிடித்தேன். மூன்று முறை. பின்னால் கூட்டம் நின்றது.

“அவங்கள உடுங்க,” என்று ஒதுங்கிக்கொண்டார்.

வழிகாட்டியும் பழைய மாலுமிதான், தமிழர். உத்தரவைப் படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தார். “நம்ம ஆளுங்களுக்கு லெட்டர் எதுக்கு சார்? வந்து சொன்னாலே கண்ணாடியக் கழட்டி விடுவோமே. யாரு எழுதச் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை என்றேன்.

மச்சான் காதிலும் அது விழுந்தது. கைத்தடியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஆர்டர் வீணாப் போகக் கூடாதுங்க. நீங்க போய்ப் படுத்துட்டு வாங்க. கடைசி ரூம், இடப்பக்கம், நடு அடுக்கு.”

போனேன். வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றினார். முறைப்படி படுத்தேன். புது பெயின்ட் வாசம் அடித்தது.

திரும்பி வந்தபோது மச்சான் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“காலு நீட்ட முடிஞ்சுதா?”

“இல்லீங்க.”

“மேல பைப்பு மூக்குல இடிச்சுதா?”

“இடிச்சுது.”

“அதேதான்.” சிரித்தார். மேலும் எதையோ கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இறங்கும்போது கையை நீட்டினேன். அவர் பிடித்துக்கொள்ளவில்லை. கம்பியைப் பற்றி, ஒவ்வொரு படியாக, தனியாகவே இறங்கினார்.