எஸ்தர் அக்காவின் நாற்றங்காலைக் கருக்கியவன் நான்

ஜெபக்கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகத்தான் இருக்கும். சபையார் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் பக்கத்தில் உட்கார எனக்கே பிடிக்காமல்தான் இருந்தது. நான் கழற்றிப் போட்ட சட்டையை என் மனைவி கையால் தொடமாட்டாள். குச்சியால் தூக்கிக் கொல்லையில் போடுவாள்.

நன்னிலம் பக்கத்தில் வயல்களுக்கு மருந்து அடிப்பது என் வேலை. முதுகில் ஸ்பிரேயர், வயிற்றில் பிராந்தி. பூச்சிமருந்து உடம்பில் ஏறாமல் சரக்கு முறித்துவிடும் என்று மருந்து அடிக்கிற எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. வயல்காரர்களும் கூலியோடு ஒரு குவார்ட்டரை வரப்பில் வைத்துவிட்டுப் போவார்கள். விஷத்தை முறிக்கிறேன் என்று சொல்லியே பதினோரு வருடம் இன்னொரு விஷத்தைக் குடித்தேன். வாந்தி எடுத்த வாயைத் துண்டால் துடைத்து, அதே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். 

போன வருடக் குறுவையில் என் உடன்பிறந்த எஸ்தர் அக்கா ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தாள். கணவரை இழந்தவள். அதுவரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவள், முதல் முறையாகத் தனக்கென்று நாற்று விட்டிருந்தாள். அதில் இலைப்பேன் விழுந்தது. "வேற யாரையும் கூப்பிட வேணாம் தம்பி, நீயே அடிச்சிரு" என்றாள்.

காலையிலேயே குடித்துவிட்டுப் போனேன். என் பையில் இரண்டு பாட்டில்கள். ஒன்று பூச்சிமருந்து, மற்றது வரப்புப் புல்லைக் கருக்கும் களைக்கொல்லி. களைக்கொல்லியை ஊற்றி நாற்றங்கால் முழுக்க அடித்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் நாற்று மஞ்சளாகிச் சாய்ந்தது. "வெதை சரியில்லக்கா" என்று கூசாமல் சொன்னேன். அக்கா வரப்பில் கிடந்த காலி பாட்டிலை எடுத்து நீட்டினாள். "அப்ப இது என்னடா?" பதில் சொல்ல வாய் திறந்தேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து நின்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஊரே நடவு முடிக்கிற நேரம். மறுபடி விதைத்தால் அறுப்பு மழையில் மாட்டும். நாற்று கிடைக்காவிட்டால் அவளுடைய முதல் வெள்ளாமை போனதுதான். கருகிய நாற்றங்கால் எதிரே உட்கார்ந்து, "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் வேண்டாம். அக்காவுக்கு நாற்று கொடும்" என்று அழுதேன். அப்போதும் நான் குடித்திருந்தேன். குடித்த வாயோடுதான் கேட்டேன்.

மூன்றாம் நாள் பக்கத்து ஊர் கலியமூர்த்தி ஐயா அக்காவுக்குப் போன் செய்தார். என் நாற்றம் பொறுக்காமல் என்னை வேலைக்குக் கூப்பிடுவதையே நிறுத்தியவர் அவர். "நட்டது போக ஒரு ஏக்கருக்கு நாத்து நிக்குதும்மா, எடுத்துக்க. ஆனா உன் தம்பி வந்து பறிக்கணும். குடிச்சிட்டு வந்தான்னா வயல்ல எறங்க விடமாட்டேன்."

மறுநாள் காலை குடிக்காமல் போனேன். நாற்றைப் பறித்துப் பத்து முடி கட்டுவதற்குள் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. ஐயா பார்த்தார். "நீ கரையேறுப்பா. மிச்சத்த என் ஆளுங்க பறிப்பாங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ." அன்று மாலைக்குள் அக்காவின் வயலில் நடவு முடிந்தது. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். என்னைப் போல வருடக்கணக்கில் குடித்தவன் தானாகச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லி, ஒரு வாரம் வைத்திருந்து மாத்திரை கொடுத்தார்.

அங்கே ஆலோசனை சொல்லும் அம்மா ஒரு நோட்டுக் கொடுத்தார். "குடிக்கணும்னு தோணுறப்பல்லாம் எங்க இருந்தீங்க, என்ன செஞ்சீங்கன்னு மட்டும் எழுதுங்க." வீட்டுக்கு வந்து ஒரு மாதம் எழுதினேன். புரட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒன்றே: ஸ்பிரேயர் கழுவும் நேரம். உடம்பு வலியும் இல்லை, மனக்கவலையும் இல்லை. கையில் மருந்து வாடை வந்ததும் வாய் பாட்டிலைத் தேடியிருக்கிறது. இவ்வளவு அற்பமான காரணத்துக்கா இத்தனை வருடம் என்று என் மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

இப்போது முகக்கவசம், கையுறை இல்லாமல் மருந்து அடிப்பதில்லை. ஸ்பிரேயரைக் கழுவியதும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு நேரே வீடு. வரப்பில் குவார்ட்டர் வைப்பவர்களிடம் மோர் கேட்கிறேன். இடையில் இரண்டு முறை தவறினேன். அதையும் மறைக்காமல் போதகரிடம் சொன்னேன்.

குறுவை அறுத்த பிறகு, அடுத்த போகமான தாளடிக்கு அக்கா மறுபடி நாற்று விட்டாள். ஒரு நாள் போன் வந்தது. "பேன் விழுந்திருக்குடா. வந்து அடிச்சிரு." போனேன். நான் மருந்து கலக்கும்போது பக்கத்திலேயே குனிந்து பாட்டிலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தருகே வந்து நின்று பேசினாள். முந்தானை அவள் இடுப்பில்தான் இருந்தது. ஆண்டவர் எனக்கும் சேர்த்தே பதில் கொடுத்திருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

இதைப் படிக்கும் யாராவது, குடித்த வாயோடு எப்படி ஜெபிப்பது என்று கூசிக்கொண்டிருந்தால், கூசாமல் கேளுங்கள். கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போங்கள். அடுத்த ஞாயிறு சபைக்கு வாருங்கள். என் பக்கத்து நாற்காலியில் துண்டு போட்டு வைத்திருக்கிறேன். துவைத்த துண்டுதான்.