படப்பையில் நாங்கள் காலி செய்த சட்டி

சிங்கப்பூரிலிருந்து வந்த அக்காவுக்கும் மாமாவுக்கும் பீகார் சாப்பாட்டைக் காட்ட, படப்பையில் பீகார்த் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெருவுக்கு அழைத்துப் போனேன். ஒரு வாசலில் லுங்கி கட்டிய ஒல்லியான மனிதர் கரியடுப்பில் மாவுருண்டைகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் சாம்பல் போக ஊதி, துண்டில் துடைத்துவிட்டுத்தான் சட்டியில் போட்டார்.

"மூணு பிளேட் குடுப்பா, சீக்கிரம்" என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பாய் விரித்துப் பரிமாறினார்.

"உப்பே இல்லையே மச்சான், இதுக்கா இவ்ளோ தூரம்?" என்றார் மாமா. நானும் சேர்ந்து சிரித்தேன். உருண்டையும் கத்தரிக்காய் மசியலும் இன்னும் இன்னும் வேண்டும் என்று அந்த மனிதரை அதட்டினேன்.

சாப்பிட்டு முடித்ததும், "எவ்ளோ?" என்றேன்.

"கடை இல்ல சார், ரூம். ஏழு பேர் இருக்கு. இன்னிக்கு நான் சமையல்."

"அதை முதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க சாப்பாடு கேட்டீங்க சார். எப்படி இல்ல சொல்றது?"

அதற்குள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய ஆறு பேர் வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். சட்டியில் ஒன்றுமில்லை. நான் நீட்டிய பணத்தை அவர் தொடவில்லை. மறுபடி மாவு பிசைய உட்கார்ந்துவிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. காரில் ஏறியதும் மாமாவைத் திட்டினேன்.