பதினோராவது வளைவில் நின்ற ஜீப்

என் பெயர் எஸ்தர். கல்லாற்றிலிருந்து பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயங்களுக்கு ஜீப் ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரர் ஜெயசிங் ஓட்டிய பழைய டீசல் ஜீப். அவர் மஞ்சள் காமாலையில் படுத்த பத்து நாளும் நான் முழங்காலில் நின்று கர்த்தரிடம் கேட்டேன். ஆனாலும் ஜெயசிங் போய்விட்டார். அதன் பிறகு மூன்று வருடம் நான் எதையும் கேட்டு ஜெபிக்கவில்லை. சபைக்கு வந்தேன். உங்களோடு சேர்ந்து பாடினேன். மற்றவர்களுக்காக ஜெபிக்கச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டு சும்மா நின்றேன். இது உங்களில் யாருக்கும் தெரியாது. இன்று எழுந்து நின்று சொல்கிறேன்.

போன ஜூன் மாதம், கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. விடாத மழை. மலையில் மண் சரியும் என்று சுற்றுலா வண்டிகளுக்குச் சாலையை மூடியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு மேல் லயத்திலிருந்து மாடசாமி குடை இல்லாமல் ஓடி வந்தார். நான் அப்போதுதான் மேலே எஸ்டேட்டில் அரிசி மூட்டைகளை இறக்கி முடித்திருந்தேன்.

"எஸ்தரக்கா, இசக்கியப் பாம்பு கடிச்சிட்டு. விரியனாம். எஸ்டேட் வண்டி பட்டணம் போயிருக்கு. ஆம்புலன்ஸ் கல்லாத்துக்குக் கீழ இருந்து ஏறி வரணும்னா ஒரு மணிக்கூறு ஆவுமாம். நீ வா அக்கா."

இசக்கியம்மாள் அவருடைய மனைவி. தேயிலைக் கொழுந்து கிள்ளப் போன இடத்தில் கணுக்காலில் கடித்திருந்தது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் இசக்கியம்மாளுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது. நான் ஜீப்பை எடுத்து ஓட்ட ஆரம்பித்த புதிதில், தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும் அவள் சொன்னாள்: "பொம்பளை ஓட்டுத வண்டியில என் பிள்ளையள ஏத்த மாட்டேன். கொக்கைப் பள்ளத்துல கொண்டு போடுவா." அவள் சொன்னதைக் கேட்டு நாலைந்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை என் வண்டியில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து எதிரே வந்தால் நான் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

ஆனாலும் மாடசாமி நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு யாரால் மறுக்க முடியும்? வண்டியை எடுத்தேன்.

அவளைப் பின்பக்கம் தரையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். காலை அசைக்கக் கூடாது, துண்டால் இறுக்கிக் கட்டக் கூடாது என்று எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் சொல்லி அனுப்பினாள். மாடசாமி காலைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. மெதுவாக இறங்கினேன்.

பதினோராவது வளைவு திரும்பும்போது இஞ்சின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது. வண்டி உருண்ட வேகத்திலேயே மலைப் பக்கமாக ஒதுக்கி ஹேண்ட் பிரேக் போட்டேன். இறங்கிப் போய் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். திரும்ப வந்து சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் நன்றாகவே எடுத்தது. இஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. இல்லை.

போனை எடுத்துப் பார்த்தேன். அந்த வளைவில் ரேஞ்ச் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தேன்.

"தள்ளவா அக்கா?" என்றார் மாடசாமி.

தள்ளிப் பிரயோஜனம் இல்லை. பேட்டரி போன வண்டியைத்தான் தள்ள வேண்டும். இது சுற்றுகிற வண்டி. ஜெயசிங் வண்டியைப் பிரிக்கும்போதெல்லாம் நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் தெரியும். முதலில் இஞ்சினை நிறுத்தும் கேபிள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தேன். போயிருந்தது. டீசல் அளவு காட்டும் முள் வேலை செய்யாது, அதனால் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. பிறகு மாடசாமியைப் பின்னால் புகைக்குழாய்ப் பக்கம் நிற்கச் சொல்லி செல்ஃப் அடித்தேன்.

"புகை வருதா?"

"ஒண்ணும் வரல்லியே."

வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். ஒன்றுமே வராவிட்டால் டீசலே போகவில்லை. பானெட்டைத் தூக்கி ஃபில்டர் மேலே இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஹேண்ட் பம்பை அமுக்கினேன். டீசல் வரவில்லை. நுரை வந்தது. குழாயில் காற்று ஏறியிருக்கிறது.

சரி, இவ்வளவுதானே என்று நினைத்தேன். நுரை நின்று சுத்த டீசல் வரும் வரை அமுக்கினேன். திருகை இறுக்கிவிட்டு செல்ஃப் அடித்தேன். பிடித்தது! மாடசாமி "அம்மா தாயே" என்று கத்தினார். பத்து நொடிகூட ஓடவில்லை. மறுபடி இருமி நின்றது.

மறுபடி காற்று எடுத்தேன். மறுபடி பிடித்தது, மறுபடி நின்றது. எங்கிருந்தோ புதிதாகக் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. பானெட்டுக்குக் கீழே கைக்கு எட்டிய குழாய் மூட்டுகளையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தது. ஃபில்டரின் வாஷரைக் கழற்றி மாட்டினேன். பலன் இல்லை. அதற்குள் செல்ஃபின் சத்தம் இறங்கிவிட்டது. இன்னும் நாலைந்து தடவைக்குத்தான் பேட்டரி தாங்கும்.

வண்டி நின்று இருபது நிமிடம் ஆகியிருந்தது. இசக்கியம்மாள் துப்பினாள். எச்சிலில் ரத்தம்.

அப்போது கீழேயிருந்து வனத்துறைக் காவலர் சுகுமாரன் நடந்து ஏறி வந்தார். சாலையில் மரம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர். அவரிடம் இருந்த வயர்லெஸ்ஸும் மழையில் கரகரத்ததே தவிர ஆள் கிடைக்கவில்லை. பின்னால் எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"சேச்சி, நியூட்ரல்ல இட்டு உருட்டிக்கோ. இறக்கம் தானல்லோ. கீழே செக்போஸ்ட் வரெ போயாப் போதும்."

மாடசாமியும் "ஆமாக்கா, உருட்டு அக்கா" என்று அழுதார்.

என் ஜீப்பின் பிரேக்குக்கு இஞ்சின் ஓட வேண்டும். ஓடாவிட்டால் இரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். நனைந்த சாலை. இன்னும் பத்து வளைவு. நான்கு உயிர். ஆனால் சும்மா நின்றாலும் ஒரு உயிர் போகும். உண்மையைச் சொல்கிறேன், நான் உருட்டத் துணிந்துவிட்டேன். சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுக்கக் குனிந்தேன்.

குனிந்தவள் அப்படியே முட்டி போட்டுவிட்டேன். நான் நினைத்துச் செய்யவில்லை. சேற்றில், டயரைப் பிடித்துக்கொண்டு, மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்டேன். பெரிய ஜெபம் ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, இவள எனக்குப் பிடிக்காது. உமக்குத் தெரியும். ஆனா இவ சாகக் கூடாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாத்துட்டேன். தெரியாதத நீர் காட்டும்." அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

எழுந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்தது. வண்டி நின்ற இடத்தில் நின்றது. இருந்தாலும் உடனே உருட்ட மனம் வரவில்லை. கல்லை எடுக்காமல் பின்பக்கம் போனேன், இசக்கியம்மாளைப் பார்க்க. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் முகத்துக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோனேன்.

அவள் கண் திறந்து மெல்லச் சொன்னாள்: "எஸ்தரு... டீசல் நாத்தம் பொறுக்க முடியல்ல. குமட்டுது. என்னையக் கொஞ்சம் அந்தால நகத்து."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. டீசல் வண்டியில் டீசல் நாறாமல் என்ன செய்யும் என்று வாய் வரை வந்தது. அவளை நகர்த்தக் கையைக் கொடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. அவள் படுத்திருப்பது தரையில். அவள் தலை இருப்பது டேங்க் பக்கம். முன்னால் உட்கார்ந்து ஓட்டும் எனக்கு வராத வாடை அவளுக்கு வருகிறது.

"எங்க இருந்து வருது இசக்கி? கையைக் காட்டு."

அவள் விரலைத் தலைக்குப் பின்னால் நீட்டினாள்.

மல்லாந்து வண்டிக்கு அடியில் போனேன். டேங்கிலிருந்து முன்னால் போகும் குழாயின் முதல் துண்டு ரப்பர் ஹோஸ். டேங்கோடு சேரும் இடத்தில், கிளிப்புக்குக் கீழே, நகம் நீளத்துக்கு வெடிப்பு. விரல் வைத்தேன், டீசல் ஒட்டியது. நின்றால் சொட்டுகிறது; இஞ்சின் இழுக்கும்போது அதே வெடிப்பு வழியாகக் காற்றை உறிஞ்சுகிறது. நான் முன்னால் எத்தனை முறை காற்றெடுத்தாலும் தீராததற்கு இதுதான் காரணம்.

சுகுமாரன் தன் வெட்டுக்கத்தியைக் கொடுத்தார். வெடித்த நுனியை ஓர் அங்குலம் வெட்டி எறிந்தேன். ஹோஸ் கொஞ்சம் தளர்வாகத்தான் விடப்பட்டிருந்தது, அதனால் எட்டியது. இழுத்துச் செருகி, கிளிப்பை இறுக்கினேன். முன்னால் வந்து காற்றெடுத்தேன். சுகுமாரன் மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் குடை பிடித்தார். நுரை, நுரை, பிறகு சுத்த டீசல். கொஞ்சம் அதிகமாகவே அமுக்கினேன். டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளையும் தளர்த்தி, அவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். டீசல் துளிர்த்ததும் இறுக்கினேன்.

"இனி ஒரு பிராவஸ்யம் கூடியே உள்ளூ சேச்சி. பேட்டரி போயி" என்றார். இன்னும் ஒரே ஒரு தடவைதான்.

நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். மெதுவாக, முனகி முனகிச் சுற்றியது. பின்னால் வெள்ளைப் புகை. பிறகு ஒரு வெடி. பிறகு பிடித்தது. நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இருமவில்லை. சுகுமாரன் கல்லை உருவிவிட்டு ஓடும் வண்டியில் தொற்றி ஏறிக்கொண்டார். கல்லாறு வரை வண்டி நிற்கவே இல்லை.

பாதி வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வரும் என்று பார்த்துக்கொண்டே இறங்கினேன். அது கல்லாற்றுக்குக் கீழே விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சரை மரத்துக்கு மேலே தூக்கி மாற்றினோம். அன்று மத்தியானத்துக்குள் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் மருந்து ஏறியது. ஒன்பது நாள் கிடந்தாள். சிறுநீரகம் தப்பித்தது. இப்போது லேசாகக் காலை இழுத்து நடக்கிறாள், கொழுந்து கிள்ளப் போகிறாள்.

நான்காவது நாள் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். சேற்றில் முட்டி போட்டதையும் என்ன கேட்டேன் என்பதையும் சொன்னேன். அவளைப் பிடிக்காது என்று கர்த்தரிடம் சொன்னதையும் மறைக்கவில்லை.

அவள் சிரித்துவிட்டாள். "நான் உள்ள கெடந்து எங்க அம்மனத்தான் விளிச்சேன். வாந்தியாவது எடுக்க விடு தாயேன்னு. எந்தச் சாமி கேட்டுச்சோ, போ." பிறகு சொன்னாள்: "குழாயடியில நான் சொன்னது தப்புதான், கேட்டியா. எங்க வீட்டுக்காரரு ஓட்டியிருந்தா அன்னைக்கு உருட்டியிருப்பாரு."

அவளோடு நான் வாதாடவில்லை. நான் யாரிடம் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். தெரியாததைக் காட்டும் என்று கேட்டேன். அந்த நிமிடத்தில், அவளுடைய வாய் வழியாக அது வந்தது. நான் அன்று அவள் முகத்தருகே போகாமலிருந்தால் அவள் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் வண்டிக்கு அடியில் படுத்து ஹோஸ் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். பழைய ரப்பரை எல்லாம் மாற்றிவிட்டேன். காலையில் சாவியைத் திருப்பும் முன்னால் வாய்விட்டுக் கேட்கிறேன், சின்னச் சின்னதுகூட. ஜெயசிங்கை ஏன் எடுத்துக்கொண்டீர் என்றும் கேட்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். பதில் வராத ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும் கேட்காமலிருந்த மூன்று வருடத்தை எண்ணித்தான் எனக்கு வருத்தம்.

உங்களில் யாராவது என்னைப் போலவே கண்ணை மூடி சும்மா நின்றுகொண்டிருக்கலாம். யாரென்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள் யாரோ, அவரிடம் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரியுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கடைசி வரை கேளுங்கள். கர்த்தர் நல்லவர்.